புதுக் கணினியும் கண்ணூறும் ஒரு சிறு வயரும்



அன்பின் சகோதரிகளே, இம்மாதம் நகைகளுக்கான ஸகாத் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதனை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்க அனுமதி தாருங்கள். இடையில் ஒரு வீட்டில் நடந்த விடயம் என் மனதைப் பிடித்துக் கொண்டுவிட்டது. அந்த வீட்டுத் தாயிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். ஊரையும் பெயரையும் மட்டும் கேட்காதீர்கள்.

அஸர் தொழுகை முடிந்து பிள்ளைகளின் குர்ஆன் வகுப்பும் கலைந்த நேரம். ஒரு சகோதரி கையில் தண்ணீர்ப் போத்தலொன்றுடன் வாசலில் வந்து நின்றார். ஓதித் தரும்படி கேட்டு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. வழமைபோல், "யாருக்குச் சுகமில்லை?" என்று கேட்டேன்.

"ஆளுக்கில்ல ஹஸரத், கொம்பியூட்டருக்கு" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக் கொண்டேன். அழுது வீங்கிய கண்கள்.

விடயம் இதுதான். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமும் அவளுடைய பாடங்களில் ஒன்று. தாய் 2 வருடங்களாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு, வாப்பா அனுப்பிய காசு எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் தேறியது. முழுதாகப் பூட்டிய கணினியாக வாங்கினால் விலை கூடும், பாகங்களை வாங்கி நானே பூட்டுகிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். மாதக் கணக்கில் தேடிப் படித்து, இன்ன பாகத்துக்கு இன்ன பாகம்தான் பொருந்தும் என்று கொப்பியில் பட்டியல் எழுதி, மாமாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள். 2 இரவுகள் உட்கார்ந்து பூட்டி முடித்து, வீட்டாரெல்லாம் கூடி நிற்கப் பொத்தானை அழுத்தினாள். ஒரு சத்தமுமில்லை. ஒரு வெளிச்சமுமில்லை. மீண்டும் அழுத்தினாள். செத்த மரம் போல் கிடந்தது.

அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. வாப்பும்மா சொன்னார்: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல? காசு கரியாப் போச்சுது." சாச்சா சொன்னார்: "கடைக்காரன் பழைய சாமானப் புதுப் பெட்டியில போட்டுத் தந்திரிக்கான். அவனுகள் நம்மளுக்கு இப்பிடித்தான் செய்வானுகள்." தாயின் மனதில் வேறொன்று ஓடியது. பெட்டிகளை இறக்கிய அன்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு சாமான்!" என்று வியந்தாராம். மாஷா அல்லாஹ் சொல்லவில்லையாம்.

ஆக, ஒரு பொத்தான் வேலை செய்யாததற்கு ஒரே இரவில் மூன்று குற்றவாளிகள். மகள், கடைக்காரர், பக்கத்து வீட்டுப் பெண். இவர்களில் ஒருவரைப் பற்றியும் எவரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. மறுநாள் காலையிலேயே தாய் கடைக்குத் தொலைபேசி எடுத்து, சொல்லக் கூடாததெல்லாம் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தியும் இருக்கிறார். மகள் 2 நாட்களாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கண்ணூறு உண்மைதான், சகோதரிகளே. புகாரியிலும் முஸ்லிமிலும் அது பற்றிய ஸஹீஹான ஹதீஸ் வந்திருக்கிறது. அதை மறுக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் கண்ணூறு உண்மை என்பது வேறு, இன்னாருடைய கண்தான் பட்டது என்று விரலை நீட்டுவது வேறு. முதலாவது ஈமானோடு சம்பந்தப்பட்டது. இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும். சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. தவறினால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கிறது. அதே சூராவின் 12ஆம் வசனம் வீண் சந்தேகத்தைத் தடுக்கிறது. நாம் இந்த வசனங்களைப் பெரிய அரசியல் செய்திகளுக்கு மட்டும் உரியவை என்று நினைத்து வைத்திருக்கிறோம்.

போத்தலை வாங்கி ஓதிக் கொடுத்தேன். "இதை நீங்களும் மகளும் குடியுங்கள். தப்பித் தவறியும் கணினியின் மேல் தெளித்துவிடாதீர்கள்" என்றும் சொன்னேன். தெளிக்கத்தான் நினைத்திருந்ததாக அவர் பின்னர் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்!

மஃரிபுக்குப் பிறகு என் மனைவியுடன் அந்த வீட்டுக்குப் போனேன். கணினி பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் என்னிடம் படித்த மாணவரொருவர் இப்போது கணினி திருத்தும் தொழில் செய்கிறார். அவரைத் தொலைபேசியில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன். "சேர், நீங்க தொடாதீங்க. பூட்டின தங்கச்சியே செய்யட்டும். நான் சொல்லிக்கொண்டு வாறன்" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் சொல்லிக்கொண்டு போன ஒழுங்கை நான் ஒரு கடிதாசியில் குறித்தேன். அரபுக் கல்லூரியில் பிக்ஹு படித்தபோது எங்களுக்கு மனப்பாடமான ஒரு சட்ட விதி உண்டு. உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சந்தேகம் நீக்கிவிடாது என்பது அதன் கருத்து. வுழூ இருந்தது நிச்சயம், முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் நிச்சயத்தையே பிடித்துக்கொள் என்பார்கள் உஸ்தாத்மார். இந்த இளைஞர் செய்ததும் ஏறத்தாழ அதுதான். எதையும் ஊகிக்கவில்லை. ஒவ்வொன்றாக நிச்சயப்படுத்திக்கொண்டு, நிச்சயமானதன் மேல் காலை வைத்து அடுத்ததற்குப் போனார்.

முதலில் சுவர். "அந்த பிளக்கில மேசை லாம்பு ஒண்டைக் குத்திப் பாருங்க." எரிந்தது. பல பிளக்குகள் குத்தும் நீட்டு வயர் ஒன்றின் வழியாகத்தான் கணினிக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு நேரே சுவரில் கொடுக்கச் சொன்னார். மாற்றமில்லை. அடுத்தது, பெட்டியின் பின்புறம், மின்சார வயர் குத்துமிடத்துக்கு அருகில் இருக்கும் சிறு சுவிட்ச். அதில் ஒரு கோடும் ஒரு வட்டமும் போட்டிருக்கும். கோட்டுப் பக்கம் அமர்ந்திருந்தால்தான் ஒன். வட்டம் என்றால் ஓஃப். பிள்ளைகள் எல்லாவற்றையும் சரியாகப் பூட்டிவிட்டு இதை மறந்து, மதர்போர்ட் பழுது என்று தூக்கிக்கொண்டு வருவது தன் கடையில் அடிக்கடி நடக்கிறது என்றார். இங்கே அது கோட்டுப் பக்கமே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சில பழைய பவர் சப்ளைகளின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிறச் சிறு தெரிவி ஒன்றும் இருக்கும். நமது நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். அது 115இல் இருக்க மின்சாரம் கொடுத்தால் வெடிச்சத்தத்தோடு பவர் சப்ளை போய்விடும். புதியவற்றில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. ஆனால் யாராவது பழையதொன்றை இரவலாகத் தந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

பிறகு அவர் கேட்டார்: "போர்டில எங்கயாவது ஒரு சின்ன லைட் எரியுதா?"

மகள் குனிந்து பார்த்தாள். மூலையில் ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தது. 2 நாட்களாக அது எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அழுகையில் யாரும் கவனிக்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ், அப்ப ஆள் மௌத்தாகல்ல" என்றார் அவர்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளக்க வேண்டும். பவர் சப்ளை என்ற அந்த இரும்புப் பெட்டி சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட் என்று சிறு அளவுகளாக்கி உள்ளே பகிர்கிறது. கணினி ஓஃப் ஆகி இருக்கும்போதும் 5 வோல்ட் மட்டும் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும் உறங்கினாலும் குசினியில் ஒரு சிறு விளக்கை விட்டு வைப்பது போல. அந்தப் பொட்டு வெளிச்சம் எரிந்தால் சுவர் சரி, வயர் சரி, பின் சுவிட்ச் சரி, பவர் சப்ளையும் முற்றாகச் சாகவில்லை என்று அர்த்தம். சகல போர்டுகளிலும் இந்த வெளிச்சம் இருப்பதில்லை. ஆகவே அது இல்லையென்றால் உடனே கலங்க வேண்டாம். இருந்தால் அது பெரிய சாட்சி.

அடுத்து, நாம் அழுத்தும் பொத்தான். விளக்குச் சுவிட்சைப் போல மின்சாரத்தைத் திறந்துவிடும் கதவு என்று நான் நினைத்திருந்தேன். அது கதவல்ல, கதவைத் தட்டும் கை. அழுத்தும்போது போர்டிலுள்ள 2 ஊசிகள் ஒரு கணம் ஒன்றையொன்று தொடுகின்றன. போர்ட் அதைக் கேட்டு, எழும்பு என்று பவர் சப்ளையிடம் சொல்கிறது. அதன் பிறகே விசிறி சுற்றும். தட்டும் கை வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால்?

ஆனால் அவர் அவசரப்படவில்லை. முதலில் சுவர் வயரைக் கழற்றச் சொல்லி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி உள்ளே மிஞ்சிய மின்சாரத்தைப் போக்கச் சொன்னார். மகளின் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைக்கச் சொன்னார். சகோதரிகளே, இதை விசேடமாகக் கவனியுங்கள். பெட்டிக்குள் கை வைக்கும்போது கையில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. நைலோன் விரிப்பில் உட்கார்ந்து வேலை செய்யாமல் மர மேசையில் வைத்துச் செய்யுங்கள். பெட்டியின் வெறும் இரும்பை ஒருதடவை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலேயே ஒரு பாகத்தைக் கெடுத்துவிடக் கூடும்.

பிறகு 2 பெரிய பிளக்குகள். ஒன்று போர்டின் ஓரத்தில் குத்தும், 24 துளைகள் கொண்ட அகலமான பிளக். இன்னொன்று புரொசசருக்கு அருகில், மேல் மூலையில் குத்தும் 8 துளை பிளக். 24 துளை பிளக் நாம் நினைப்பதைவிடக் கூடிய பலத்தோடு உள்ளே போகும். போர்ட் வளைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். க்ளிக் என்று கொக்கி பிடிக்க வேண்டும். 8 துளை பிளக்கை மூலையில் ஒளிந்திருப்பதால் மறந்தே விடுகிறார்கள். அதைப் போன்றே தோன்றும் மற்றொரு பிளக் படம் காட்டும் கார்டுக்கு உரியது. இரண்டிலும் பெயர் எழுதியிருக்கும். போகாததைத் தள்ளிப் புகுத்தக் கூடாது. மகள் இரண்டையும் சரியாகவே செய்திருந்தாள். அவர் அதைக் கேட்டு, "நல்லாச் செஞ்சிரிக்கீங்க தங்கச்சி" என்றார். அந்தப் பிள்ளையின் முகத்தில் 2 நாளைக்குப் பிறகு கொஞ்சம் இரத்தம் ஓடியதைக் கண்டேன். வாப்பும்மாவும் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் அந்தச் சிறிய வயர்கள். பெட்டியின் முன்பக்கத்துப் பொத்தானிலிருந்தும் விளக்குகளிலிருந்தும் நூல் போன்ற வயர்கள் வந்து, போர்டின் கீழ் மூலையிலுள்ள ஊசிக் கூட்டத்தில் குத்தப்படுகின்றன. இரண்டு வரிசை, வரிசைக்கு 5 இடம். ஆனால் ஒரு ஊசி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். ஆக 9 ஊசிகள். எழுத்துகளோ எறும்பின் கால்களைப் போல இருக்கும், பெட்டிக்குள் இருட்டு வேறு.

அவர் அந்த வயர்கள் அனைத்தையும் கழற்றச் சொன்னார். பிறகு சுவர் வயரைக் கொடுத்து, "ஊசி இல்லாத வெறும் இடம் ஒண்டிரிக்கா? அதே வரிசையில, அதுக்குப் பக்கத்தில உள்ள ரெண்டு ஊசியையும் ஸ்க்ரூ ட்ரைவர் நுனியால ஒரு விநாடி மட்டும் தொடுங்க. வேறெதையும் தொட வேணாம்" என்றார்.

"யா அல்லாஹ், கரண்ட் அடிக்கும்!" என்று உம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊசிகளில் இருப்பது 5 வோல்ட்டுக்கு மேற்படாத சிறு அளவு, ஆளுக்கு அடிக்காது, தவறான ஊசியைத் தொட்டால்தான் போர்டுக்கு ஆபத்து என்று அவர் விளக்கினார். உம்மா கையை விட்டார். மகள் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொட்டாள்.

விசிறி சுற்றியது.

நான் எத்தனையோ கத்தம் வைபவங்களிலும் நிக்காஹ் மஜ்லிஸ்களிலும் இருந்திருக்கிறேன். ஒரு சிறிய விசிறி சுற்றியதற்கு ஒரு வீடு முழுதும் அல்லாஹு அக்பர் சொன்னதை அன்றுதான் கண்டேன். சாச்சா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

தவறு எங்கே என்பது இப்போது வெளிச்சம். மகள் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் மாற்றி எடுத்திருந்தாள். பொத்தானின் வயர் மீளத் தொடங்கும் சுவிட்சுக்குரிய 2 ஊசிகளில் போய் அமர்ந்திருந்தது. ஓஃப் ஆகியிருக்கும் கணினியிடம் மீளத் தொடங்கு என்றால் அது என்ன செய்யும்? ஒரு பாகமும் பழுதில்லை. ஒரு விரல் நகத்தின் அகலம் தள்ளிக் குத்தப்பட்ட ஒரு வயர். அவ்வளவுதான்.

வயர்களைச் சரியாக மாற்றிக் குத்தி, பொத்தானை அழுத்தியபோது விசிறி சுற்றியது. ஆனால் மொனிட்டர் இருட்டு. மீண்டும் அழத் தயாரானாள். "பொறுங்க" என்றார் தொலைபேசியில். புதிய போர்டுகள் பலவற்றில் ஓரமாக 4 சிறு விளக்குகள் உண்டு. புரொசசர், நினைவகம், படம், இயங்கு தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தடை. இங்கே நின்றது நினைவகத்துக்குரியது, அதாவது ரெம். மின்சாரத்தை நிறுத்தி, கழற்றிப் பார்த்தால் ரெம் கீற்றின் ஒரு முனை முழுதாக அமரவில்லை. இரண்டு முனையையும் பெருவிரல்களால் அழுத்தி, க்ளிக் சத்தம் கேட்டது. அடுத்த தடவை போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் திரையில் வந்தது.

டிடிஆர்5 வகை ரெம் போட்ட புதிய கணினிகளில் முதல் தடவை திரை பல நிமிடங்கள் இருட்டாகவே இருக்கக் கூடும். அது ரெம்மைப் பழக்கிக்கொள்ளும் நேரம். பழுது என்று நினைத்து இடையில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சப்ர் செய்யத் தெரியாதவர்கள் வாங்கக் கூடாத சாமான் போலிருக்கிறது! படம் காட்டும் கார்ட் தனியாகப் போட்டிருந்தால், மொனிட்டர் வயரை அந்தக் கார்டில் குத்த வேண்டும், போர்டில் அல்ல. இதனாலும் பல வீடுகளில் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து உயிர் வரவில்லையென்றால்? போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, புரொசசரும் அதன் விசிறியும் ஒரு ரெம்மும் மட்டும் போட்டுப் பார்ப்பார்கள். அப்போது வேலை செய்தால் குற்றம் இரும்புப் பெட்டியில்தான். போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி நின்று போர்டைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். கழற்றிப் பூட்டும் வயர் உள்ள பவர் சப்ளை என்றால், ஒரு நிறுவனத்தின் வயரை வேறு நிறுவனத்தின் பெட்டிக்குப் போடவே கூடாது. பிளக் பொருந்தும், உள்ளே ஒழுங்கு வேறாக இருக்கும், பாகங்கள் எரிந்துவிடும். பவர் சப்ளையின் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பின்னும் ஆளைக் கொல்லக் கூடிய மின்சாரம் அதனுள் தேங்கியிருக்கலாம். அது தெரிந்தவரின் வேலை.

இனி, என் துறைக்கு வருகிறேன். இந்தச் சம்பவத்தில் பாகம் பழுதில்லை. பழுதாக இருந்திருந்தால் ஷரீஅத் என்ன சொல்கிறது?

வாங்கிய பொருளில், விற்பவரின் கையிலிருக்கும்போதே குறை இருந்திருந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதனைக் கியாருல் ஐப் என்பார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில் குறை தெரிந்தவுடனேயே தாமதமின்றித் திருப்ப வேண்டும். தெரிந்த பின்னும் பாவித்துக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். குறை வாங்கியவரின் கையில் உண்டாகியிருந்தால் திருப்ப முடியாது. அது எப்போது உண்டானது என்பதில் இரு பக்கமும் தர்க்கித்து, ஆதாரமும் இல்லை, இரண்டுக்கும் சாத்தியமும் இருக்கிறது என்றால்? விற்றவர் சத்தியம் செய்து சொல்வது ஏற்கப்படும் என்று நமது இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். பொருள் குறையில்லாமல் இருந்தது என்பதுதான் மூல நிலை.

ஆகவே, பெட்டியைப் பிரிக்கும்போதே படமெடுத்து வையுங்கள். முக்கியமாகப் புரொசசர் அமரும் இடத்திலுள்ள நுண்ணிய ஊசிகளை. பல போர்டுகளில் அவை போர்டிலேயே இருக்கும், தவறிப் பட்டால் வளைந்துவிடும். அப்படி நம் கையால் வளைந்த ஒன்றை, வரும்போதே இப்படித்தான் இருந்தது என்று உத்தரவாதத்துக்குக் கொண்டு போவது பொய். பிள்ளைக்கு ஏச்சு விழும் என்று பயந்து தாய்மாரே இதைச் செய்யத் தூண்டுவதாகக் கேள்விப்படுகிறேன். குறையை மறைத்து விற்பது வியாபாரிக்கு ஹராம் என்று மிம்பரில் எத்தனையோ முறை சொல்கிறோம். வாங்குபவர் மறைப்பதைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

அன்றிரவு விசிறி சுற்றிய பிறகு அந்தத் தாய் கேட்ட கேள்வி இதுதான்: "ஹஸரத், கடக்காரனுக்கு நான் ஏசினதுக்கு என்ன செய்ற?"

கடைக்காரர் ஒரு சிங்களச் சகோதரர். சாச்சா அவனுகள் என்று சொன்னதன் பொருள் அதுதான். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நம்மவர் ஒருவரின் உணவுக் கடையில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலந்ததாக ஒரு பேச்சுக் கிளம்பியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. அடுத்த மாதம் திகனவில் நடந்ததும் தெரியும். சோதிக்காமல் பேசிய பேச்சு நமக்கு எப்படி வலித்தது? அதே வேலையை நாம் ஒரு கணினிக் கடைக்காரருக்குச் செய்யலாமா? இதை நான் சாச்சாவைப் பார்த்தே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர்தான். அண்ணன் நாட்டில் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பாரம் அவருக்கு.

தாயிடம் சொன்னேன்: "அவருக்கு முகத்துக்கு நேரே ஏசினீர்கள். ஆகவே அவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கள் பிள்ளை வயரை மாற்றிக் குத்தியிருந்தாள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்." மறுநாள் எடுத்திருக்கிறார். அவர் முதலில் இன்னொரு ஏச்சுத்தான் வருகிறது என்று நினைத்தாராம். விடயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, அந்த ஊசிகளில் தானும் தொடக்க காலத்தில் தவறியதாகச் சொல்லி, இனி ஏதும் பிரச்சினை என்றால் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி மகளுக்குச் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் விடயம் அவ்வளவு இலேசல்ல. தன்மேல் கண்ணூறுக் குற்றம் சுமத்தப்பட்டது அவருக்குத் தெரியாது. ஸலாமுக்குப் பதில் வரவில்லை என்பது மட்டும் தெரியும். உங்கள் கண் பட்டதாக நினைத்தோம், மன்னித்துவிடுங்கள் என்று போய்ச் சொன்னால் அது புதிய காயமாகிவிடாதா? இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒருவரைப் பற்றிப் பின்னால் பேசியது அவருக்கு எட்டவில்லை, சொன்னால் பகைதான் கூடும் என்றால், அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டு, யாரிடம் பேசினோமோ அவர்களிடம் அதைத் திருத்திச் சொல்லி, அவரைப் பற்றி நல்லது பேசி, அவருக்காக துஆச் செய்வது போதும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இந்த வீட்டுக்கு அதுவே பொருத்தம் என்று எனக்குப் பட்டது. ஆனால் ஸலாமுக்குப் பதில் சொல்லாதது நேருக்கு நேர் செய்த குற்றம். அதற்கு நேருக்கு நேர்தான் பரிகாரம். "ஒரு தட்டில் எதையாவது வைத்துக்கொண்டு போய், அன்றைக்கு மனக்கவலையில் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அது பொய்யுமில்லை" என்றேன். வட்டிலப்பம் செய்து கொண்டு போனாராம். அந்தப் பெண்ணின் மகனுக்கும் ஒரு கணினி வாங்க வேண்டுமாம். அன்று வந்து வியந்து பார்த்தது அதனால்தான். இப்போது பாகங்களின் பட்டியலை எழுதிக் கொடுக்க இந்த மகளிடமே கேட்டிருக்கிறார்கள்.

அதற்குக் கூலி வாங்கலாமா என்று மகள் கேட்டாள். தாராளமாக வாங்கலாம். ஆனால் வேலைக்கு முன்னரே இவ்வளவு என்று பேசிக்கொள்ள வேண்டும். பிறர் பாகம் உன் கையில் இருக்கும்வரை அமானிதம், அதனால் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தொடு என்றேன்.

இன்னுமொன்று சொல்ல மறந்துவிட்டேன். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி முழங்கும்போது பொத்தானை ஓஃப் செய்தால் போதாது, சுவரிலிருந்தே வயரைக் கழற்றிவிடுங்கள். இணைய வயரையும் சேர்த்து. 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு நடந்தபோது, போய்ப் போய் வந்த மின்சாரத்தில் எத்தனையோ வீட்டுச் சாமான்கள் கெட்டன. கரண்ட் போனால் கழற்றிவிட்டு, வந்து சற்று நேரம் கழித்துக் குத்தும் பழக்கம் நல்லது.

சென்ற வாரம் அந்த வீட்டுப் பக்கமாகப் போனபோது உள்ளே அழைத்துக் காட்டினார்கள். கணினி மேசையில், விசிறி சுற்றுகிறது, மகள் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள், வாப்பும்மா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கட்டாரிலிருக்கும் மகனின் முகத்தைப் பெரிய திரையில் பார்ப்பதற்காகக் காத்திருக்கிறார். நான் ஓதிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தலும் அங்கேயே, கணினிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குசினியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன்.

ஸகாத் பற்றி அடுத்த மாதம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். நகைகளை நிறுத்து, அளவைக் குறித்து வையுங்கள்.

வஸ்ஸலாம்.